இடப்பக்கம் ஒரு விரல் தாழ்வு

மலிவாகக் காரின் உயரத்தை இறக்குவதற்கு மூன்று வழிகள் உண்டு. ஸ்பிரிங்கை வெட்டுவது, ஸ்பிரிங்குக்குக் கேஸ் நெருப்புக் காட்டிக் காய்ச்சுவது, பழைய சாமான் கடையில் பொருத்தமான ஸ்பிரிங் தேடிப் பிடிப்பது. முதல் இரண்டையும் செய்யக் கூடாது என்று இன்றைக்கு எந்தப் பிள்ளையைக் கேட்டாலும் கைபேசியைத் தட்டிச் சொல்லிவிடும். எங்கள் காலத்தில் அதைச் சொல்ல ஆள் இருக்கவில்லை. இருந்திருந்தாலும் நான் கேட்டிருக்க மாட்டேன், அவ்வளவு தலைக்கனம்.

கண்டிக்குக் கிட்டே கெலிஓயாவில் பெரிய ரோட்டிலிருந்து கொஞ்சம் உள்ளே தள்ளியிருந்த ஒரு கராஜில் நான் ஸ்பிரிங் பாஸ். பாஸ் என்றால் எங்கள் பக்கத்தில் முதலாளி இல்லை, கைவேலைக்காரன். முதலாளியை எல்லோரும் ஹாஜியார் என்போம். ஹேவாஹெட்டயில் ஒரு தேயிலைத் தோட்டத்து லயத்து வரிசை வீட்டில் பிறந்து, லொறிகளுக்குப் பட்டை ஸ்பிரிங் அடித்துப் பழகி, தொண்ணூறுகளில் கார்ப் பக்கம் வந்தவன் நான்.

இறக்குவது என்பது காரின் உடம்பைச் சக்கரத்துக்குக் கிட்டே கொண்டுவருவது. அதை நாங்கள் டேப் பிடித்து அளப்பதில்லை. டயருக்கும் மட்காட்டுக்கும் நடுவில் கையை நுழைத்து, எத்தனை விரல் போகிறது என்று பார்ப்போம். நாலு விரல் போனால் உயரம், இரண்டு விரல் போனால் அழகு, ஒரு விரல் என்றால் பள்ளத்தில் உரசும். கராஜில் எல்லோரும் என் விரலைத்தான் கணக்கில் எடுப்பார்கள். அதிலும் எனக்குப் பெருமை.

1. பின்னுக்கு இருக்கிற ஆள்

ஒரு காலை நேரம் வெள்ளை நிற ஜப்பான் கார் ஒன்று வந்து நின்றது. இறங்கியவர் ஓய்வு பெற்ற ஆசிரியர். யாழ்ப்பாணத்து ஆள், கண்டியில் முப்பது வருடம் படிப்பித்து, கட்டுகஸ்தோட்டையில் வீடு வாங்கி அங்கேயே தங்கிவிட்டவர். மாஸ்டர் என்றால் அந்தப் பக்கத்தில் எல்லோருக்கும் தெரியும். சனிக்கிழமைதோறும் ஹேவாஹெட்டக்குப் போய்த் தோட்டத்துப் பிள்ளைகளுக்குக் காசு வாங்காமல் பாடம் சொல்லிக் கொடுப்பார் என்று நானும் கேள்விப்பட்டிருந்தேன்.

கார் நடை பழகும் கொக்கு மாதிரி நின்றது. அவருக்கு முன் அந்தக் காரை வைத்திருந்தவர் தோட்டத்து ரோட்டுக்காக ஸ்பிரிங்குக்கு மேல் தடித்த ரப்பர் கட்டைகள் வைத்து உயர்த்தியிருந்தார். என் கை முழுதாக உள்ளே போனது.

"தம்பி, இதைக் கொஞ்சம் பதிச்சுத் தர வேணும்," என்றார் மாஸ்டர். "ரெண்டு விரல் நிக்கட்டும். ஆனால் குலுங்கக் கூடாது. பின்னுக்கு இருக்கிற ஆளுக்கு முதுகு ஏலாது."

"யாருங்க சேர், வீட்டு அம்மாவா?"

"ஓம், என்ர மனிசி. புதுச் சாமான் வேண்டாம், நல்லதாய்ப் பழசு பாத்துப் போடும்."

கண்டியில் பழைய சாமான் கடைக் குவியலில் அரை நாள் கிண்டி ஒரு ஜோடி ஸ்பிரிங் எடுத்து வந்தேன். கம்பித் தடிப்பும் ஒன்றுபோல, சுற்றும் ஒன்றுபோல. ஆனால் பூட்டிப் பார்த்தால் பின்னால் வலப்பக்கம் இரண்டு விரல், இடப்பக்கம் மூன்று விரல். இரண்டும் வெவ்வேறு காரிலிருந்து கழற்றியவை. பார்வைக்கு அண்ணன் தம்பி, பாரம் ஏறினால் அந்நியம். திரும்பிப் போய் மாற்றியிருக்க வேண்டும். வெளியே மழை, ஹாஜியாரும் "இன்னும் முடியலியா?" என்று இரண்டு தரம் கேட்டுவிட்டார்.

டிக்கியில் பாரம் ஏற்றினேன். வெல்டிங் கேஸ் விளக்கைப் பற்றவைத்து, இடப்பக்க ஸ்பிரிங்கின் இரண்டு சுற்றைச் சிவக்கும்வரை காய்ச்சினேன். மெழுகு மாதிரி மெல்லக் கீழே உட்கார்ந்தது. இரண்டு விரல் வந்ததும் நிறுத்தினேன். கருகிய இடத்தில் கறுப்புப் பெயின்ட் அடித்தேன். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்துவிட்டு, "பாருங்க சேர், நூல் பிடிச்ச மாதிரி இருக்கு," என்று கையைத் துடைத்துக்கொண்டேன்.

காய்ச்சிய ஸ்பிரிங்கில் உருக்கின் உறுதி போய்விடும். அது நாளுக்கு நாள் தளரும், ஒரு நாள் ஒடியும். எனக்கு இது தெரியாமல் இல்லை. மற்றவர்களும் செய்கிறார்களே என்று செய்தேன்.

2. ஏறிட்டா

இரண்டு கிழமை கழிந்து மாஸ்டர் வந்தார். மலையிலிருந்து பனி இன்னும் விலகவில்லை, காரின் விளக்கு மட்டும் முன்னால் வந்தது. முற்றத்தில் நின்றதும் முதலில் பின்பக்கத்தைத்தான் பார்த்தேன். இடப்பக்கப் பின்மூலை தாழ்ந்திருந்தது. சண்டைக்கு வருகிறார் என்று நினைத்தேன்.

மாஸ்டர் இறங்கினார். என்னைப் பார்க்கவில்லை. காரைச் சுற்றிப் போய் இடப்பக்கப் பின்கதவைத் திறந்தார். ஏறி இறங்குபவருக்குத் தலை இடிக்காமல் இருக்க நாங்கள் கையை மேலே வைத்துப் பிடிப்போமே, அப்படிப் பிடித்துக்கொண்டு நின்றார். முதுகு வலிக்காரர் ஒருவர் காலைக் கீழே வைத்து, ஊன்றி, எழும்பி நிற்க எவ்வளவு நேரமாகுமோ அவ்வளவு நேரம் நின்றார். பிறகு கதவை ஓசையில்லாமல் சாத்தினார். உள்ளே ஆள் இல்லை. முதுகு வைக்கும் இடத்தில் ஒரு சின்னத் தலையணை இருந்தது, அவ்வளவுதான்.

"தம்பி, நீர் நல்ல வேலை செய்து தந்திருக்கிறீர்," என்றார். முகத்தில் அவ்வளவு சந்தோஷம். "அவ ஏறிட்டா. பாரும்."

குனிந்து விரலை நுழைத்தேன். வலப்பக்கம் இரண்டு. இடப்பக்கம் ஒன்று.

"அவ எப்பவும் இந்தப் பக்கம்தான் இருப்பா. இங்கயிருந்தால்தான் என்ர முகம் தெரியுமாம். முந்தாநாள் காலமை வாசல்ல பாக்கிறன், அவ இருக்கேக்க பதியிற மாதிரியே பதிஞ்சு நிக்குது."

நன்றி சொல்வதற்காக மட்டும் அவ்வளவு தூரம் வந்திருந்தார். மறுபடி கதவைத் திறந்து, காத்து நின்று, சாத்திவிட்டு, காரை நத்தை மாதிரி ஓட்டிக்கொண்டு போனார். பக்கத்தில் நின்ற பெயின்ட் பாஸ் சுனில் தூரிகையோடு உள்ளே போய்விட்டான். அதற்குப் பிறகு அந்தக் கார் வந்தால் அவன் முற்றத்துக்கே வரமாட்டான்.

ஹாஜியார் என்னிடம் வந்து மெதுவாகக் கேட்டார்.

"அந்த மனுசன் என்ன சொன்னாரு?"

"அம்மா ஏறிட்டாங்களாம் ஹாஜியார். எனக்கு ஒண்ணும் விளங்கல."

"ஒனக்குத் தெரியாதா? அவர்ட பொஞ்சாதி மவுத்தாகி மூணு மாசமாகுது."

ஸ்பேனரை வைத்துவிட்டுக் கணக்குப் பார்த்தேன். மூன்று மாதம். அப்படியானால் அவர் முதல் நாள் வந்தபோதே அந்த அம்மா இல்லை. இறந்தவருக்குத்தான் நான் கார் இறக்கிக் கொடுத்திருக்கிறேன்.

அன்று பகல் முழுக்க எனக்கு உடம்பு சிலிர்த்துக்கொண்டே இருந்தது. அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்பார்கள். வெயில் ஏறிய பிறகுதான் கேஸ் விளக்கு மறுபடி ஞாபகத்துக்கு வந்தது. அந்த அம்மாவும் இல்லை, ஒன்றுமில்லை, நான் காய்ச்சிய ஸ்பிரிங் தளர்ந்திருக்கிறது. இதை நினைத்ததும் பயம் போக வேண்டுமே, போகவில்லை. மடியில் கனம் இருந்தால் வழியில் பயம் இருக்கத்தானே செய்யும். மாஸ்டரும் சந்தோஷமாக இருக்கிறார், என் திருட்டும் வெளியில் வரவில்லை, அப்படியே இருக்கட்டும் என்று விட்டுவிட்டேன். என் தொழிலில் நான் செய்த பெரிய அசிங்கம் கேஸ் காட்டியது இல்லை, இப்படி வாயை மூடியிருந்ததுதான்.

3. மயிரிழை

ஒரு மாதம் போயிருக்கும். மாஸ்டர் மறுபடி வந்தார். கதவு, கை, காத்து நிற்றல், எல்லாம் முன்போலவே.

"ஹேவாஹெட்ட ரோட்டில பள்ளத்தில விழேக்க பின்னுக்கு 'டக்' எண்டு ஒரு அடி விழுது தம்பி. எனக்குப் பரவாயில்லை. அவவுக்கு முதுகில போய்க் குத்தும். கொஞ்சம் மெத்தெண்டு செய்து தாரும்."

இல்லாத ஒருவரின் முதுகுக்காக, அதிர்வைத் தாங்குகிற சொக் எப்சோபர் தேர்ந்தெடுக்க வேண்டும். சிரிப்பு வரவில்லை. அந்த 'டக்' என்னவென்று எனக்குத் தெரியும். ஸ்பிரிங் தாழ்ந்தால் சொக் எப்சோபர் மேலும் கீழும் போகும் தூரம் குறையும். பள்ளம் வந்தால் அது முழுதாக அமுங்கி, பம்ப் ஸ்டொப் என்கிற ரப்பர் கட்டையில் போய் இடிக்கும். மாஸ்டரைக் கதிரையில் உட்காரவைத்துத் தேத்தண்ணீர் கொடுத்துவிட்டு, காரை ஜெக்கில் ஏற்றி இடப்பக்க ஸ்பிரிங்கைக் கழற்றினேன்.

நான் அடித்த கறுப்புப் பெயின்ட் உதிர்ந்திருந்தது. காய்ச்சிய சுற்றில் ஒரு மயிரிழை. நகத்தை வைத்துப் பார்த்தேன், நகம் மாட்டியது. வெடிப்பு.

ஹேவாஹெட்ட ரோடு தெரிந்தவர்களுக்குச் சொல்லத் தேவையில்லை. ஒரு பக்கம் மலை, ஒரு பக்கம் ஒன்றுமில்லை. இறக்கத்தில் வளைவில் இது ஒடிந்தால் மாஸ்டர் செத்துப்போவார். ஏன் மாற்ற வேண்டும் என்ற உண்மையைச் சொன்னால் அவர் மனைவி இன்னொரு தரம் செத்துப்போவார். 

சும்மா மாற்றிப் போட்டுவிடலாமே என்றால், புதியது போட்டதும் கார் நேராக நிற்கும். மாஸ்டர் விட மாட்டார், ஏன் என்று கேட்பார். ஹாஜியாரிடம் போய் எல்லாவற்றையும் கொட்டினேன்.

"கேஸ் காட்டினாயா? என்ட கராஜிலயா? நீ என்னத்த செஞ்சீக்கிறாய் தெரியுமாடா?" அவர் சத்தம் போடவில்லை, அதுதான் கூடச் சுட்டது. "உசிரு முந்தி. போய்ச் சொல்லு. நான் சொல்ல ஏலாது, நீதான் சொல்லோணும்."

4. பௌதிகம்

மாஸ்டருக்கு முன்னால் போய் நின்று ஸ்பிரிங்கை நீட்டினேன்.

"சேர், அது அம்மா இல்லீங்க. நான் கேஸ் காட்டினது. ரெண்டு பக்கமும் சமமா வரலன்னு இடப்பக்கத்த காய்ச்சிட்டேன். அதுதான் தளந்து பதிஞ்சிருக்கு. இப்ப வெடிச்சும் போச்சு. என்னைய அடிச்சாலும் வாங்கிக்கிறேன்."

அவர் ஸ்பிரிங்கை வாங்கி மடியில் வைத்துக்கொண்டார். வெடிப்பு எங்கே என்று நான் காட்டுவதற்கு முன்னமே அவர் நகம் அங்கே போய் நின்றது.

"நான் என்ன படிப்பிச்சனான் எண்டு தெரியுமோ தம்பி? பௌதிகம். ஸ்பிரிங் தளர்ந்தால் வண்டி பதியும் எண்டு எனக்குத் தெரியாதோ? வெடிக்கும் எண்டுதான் நினைக்கேல்லை."

"அப்ப ஏன் சேர் என்கிட்ட அப்புடி..."

"நாலு சில்லு இருக்கு. எது தளர்ந்தது? அவவின்ர பக்கம். எனக்கு அது போதும் எண்டு இருந்திட்டன்."

தேத்தண்ணீரைத் தள்ளி வைத்தார். பிறகு அவராகவே சொன்னார்.

"அவ இருக்கேக்க இந்தக் கார் உசரம். ஏற ஏலாது. ஒவ்வொரு சனியும் நான்தான் தூக்கி ஏத்திறனான். வலியில கண்ணை மூடிக்கொண்டு வருவா, ஆனால் வராமல் விடமாட்டா. பதிச்சுத் தாறன் எண்டு சொன்னன். புதுச் சாமான் விலை, பழசு மலிவாய் வரட்டும், நல்லதாய் வரட்டும் எண்டு பாத்துக்கொண்டு இருந்தன். எட்டு மாதம் தம்பி. அதுக்குள்ள அவ போயிட்டா."

ஸ்பிரிங்கை அவர் மடியிலிருந்து எடுத்துக்கொண்டேன். 

"இப்ப நல்லதாய்ப் போடும்," என்றார். "ஒடியாததாய், குலுங்காததாய். ஆனால் ஒண்டு செய்வீரோ? இடப்பக்கம் ஒரு விரல் பதிஞ்சே நிக்கட்டும்."

5. தெரிவு

இந்தத் தடவை நான் அவசரப்படவில்லை. இளம் பாஸ்மாருக்காக இதைக் கொஞ்சம் விவரமாகச் சொல்கிறேன்.

ஸ்பிரிங்கில் மிச்சம் பிடிக்கவில்லை. இறக்குவதற்கென்றே செய்த புது ஜோடி எடுத்தேன். ஒரு முனையில் சுற்று நெருக்கமாகவும் மறு முனையில் அகலமாகவும் இருக்கும் வகை. சின்னப் பள்ளத்துக்கு நெருக்கமான சுற்று மெதுவாக அமுங்கும், பெரிய பள்ளத்துக்கு அகலமான சுற்று தாங்கும். சொக் எப்சோபர் புதியதுதான், ஆனால் ரேஸ் ஓடுகிறவர்கள் கேட்கிற விறைப்பான சாமான் இல்லை, சாதாரணமானது. அளவோடு இறக்கினால் அது போதும். பம்ப் ஸ்டொப்பில் ஒரு வளையத்தை மட்டும் வெட்டி எடுத்தேன். முழுதாகக் கழற்றி எறிபவர்களைக் கண்டால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். கடைசியாக, இரும்பு மூட்டுகளுக்கு நடுவில் இருக்கிற பழைய ரப்பர் புஷ் எல்லாவற்றையும் மாற்றினேன். இருப்பதிலேயே மலிவான சாமான் அதுதான், பாதிச் சுகம் அதில்தான் இருக்கிறது.

இடப்பக்கத்தைத் தாழ்த்த எந்த இரும்பையும் தொடவில்லை. ஸ்பிரிங் உட்காருகிற ரப்பர் வட்டத்தை வலப்பக்கம் தடிப்பானதாகவும் இடப்பக்கம் மெல்லியதாகவும் வைத்தேன். விரல் வைத்தேன். வலம் இரண்டு, இடம் ஒன்று.

"வண்டியக் கோணலாவா அனுப்பப் போறாய்? ஊர் சிரிக்கும்டா," என்றார் ஹாஜியார்.

"கேட்டது அவர் ஹாஜியார்."

அவர் காரைப் பார்த்தார், தூரத்தில் நின்ற மாஸ்டரைப் பார்த்தார். "சரி, அனுப்பு," என்று உள்ளே போய்விட்டார்.

6. இரண்டும் இரண்டு

அதற்குப் பிறகு பல மாதம் மாஸ்டரைக் காணவில்லை. ஒரு நாள் முற்பகல் கார் வந்து நின்றது. வழக்கம்போல் சுற்றிப் போய்க் கதவைத் திறப்பார் என்று பார்த்துக்கொண்டிருந்தேன். திறக்கவில்லை. நேரே என்னிடம் வந்தார்.

"ஒருக்கா அளந்து பாரும் தம்பி."

அளக்கத் தேவையே இல்லை. கார் நேராக நின்றது. இருந்தாலும் குனிந்தேன். வலம் இரண்டு. இடம் இரண்டு.

வலப்பக்க ஸ்பிரிங் தளர்ந்திருந்தால் அந்தப் பக்கம் தாழ்ந்திருக்க வேண்டும், தாழவில்லை. நாலு டயரிலும் காற்றைப் பார்த்தேன், சரி. ஜெக்கில் ஏற்றி இரண்டு ஸ்பிரிங்கையும் கழற்றி நிலத்தில் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்தினேன், ஒரே உயரம். ரப்பர் வட்டங்களைப் பார்த்தேன். தடித்தது வலத்தில், மெல்லியது இடத்தில், நான் வைத்த இடத்திலேயே இருந்தன. மறுபடி பூட்டி இறக்கினேன். இரண்டும் இரண்டு. 

"வேற கராஜில யாராவது கை வச்சாங்களா சேர்?"

"ஒருத்தரும் தொடேல்லை. போன கிழமை அவவின்ர ஆட்டைத் திவசம், போய் ஒரு வருசம். முடிஞ்ச அடுத்த நாள் காலமை பாக்கிறன், இப்பிடி நிக்குது." இடப்பக்கப் பின்கதவில் கையை வைத்தார். "இறங்கிட்டா தம்பி."

எனக்கு அழுகை வந்தது. பயமும் வந்தது. இரண்டையும் மறைக்கத் தெரியாமல் நின்றேன். ரப்பரை மாற்றவா என்று கேட்டேன். வேண்டாம் என்று தலையாட்டினார். பிறகு, "நீர் ஒருக்காப் பின்னுக்கு இரும். கம்பளைப் பக்கம் ஒரு சுத்துப் போவம்," என்றார்.

தலையணை இல்லை. இடப்பக்கத்தில் ஏறி உட்கார்ந்தேன். அவ்வளவு கார் இறக்கியும் அதுவரை ஒரு காரின் பின்சீட்டில் உட்கார்ந்து நான் ஓட்டம் பார்த்ததில்லை. எப்போதும் ஸ்டியரிங்கைப் பிடித்துத்தான் பார்ப்பேன். அந்த இடத்திலிருந்து பார்த்தால் ஓட்டுகிறவரின் கன்னமும் காதும் பாதிக் கண்ணும் உண்மையிலேயே தெரிகிறது. ரோட்டில் பள்ளங்கள் வந்தன, போயின. எனக்கு எதுவும் குத்தவில்லை. நான் போட்ட சாமான் இவ்வளவு சுகம் என்று எனக்கே அன்றுதான் தெரியும்.

ஒரு பாலத்துக்குக் கிட்டே வந்தபோது மாஸ்டர் திரும்பாமல் கேட்டார்.

"முதுகுக்கு எப்பிடி இருக்கு?"

தம்பி என்று சொல்லவில்லை. அது என்னிடம் பேசுகிற குரலும் இல்லை. பக்கத்தில் இருந்த காலி இடத்தைப் பார்க்க எனக்குத் துணிவு வரவில்லை. பதில் வரும்வரை அவர் காரை மெதுவாக்கிக்கொண்டே போனார்.

"சுகமா இருக்கு," என்றேன்.

அவர் பெருமூச்சு விட்டார். காரைத் திருப்பிக் கராஜுக்குக் கொண்டுவந்து என்னை இறக்கிவிட்டுப் போனார்.

இரண்டும் இரண்டு எப்படி வந்தது என்று பிறகு பல தரம் யோசித்திருக்கிறேன், எனக்குத் தெரியவில்லை. தெரிந்ததை மட்டும் சொல்கிறேன். மலிவான சாமான் தேடுவதில் தப்பில்லை. ஆனால் யாராவது வந்து, விலை குறையட்டும், பிறகு வருகிறேன் என்றால், யாருக்காக இறக்குகிறீர்கள் என்று கேளுங்கள். பின்னால் இருக்கிற ஒருவரின் முதுகையோ முழங்காலையோ சொன்னால், கையில் இருப்பதில் பத்திரமானதைப் பார்த்து அன்றைக்கே போட்டு அனுப்புங்கள். முடிந்ததும் அந்த ஆளையே கூட்டிவரச் சொல்லி, பின்சீட்டில் உட்காரவைத்து, ஒரு சுற்றுப் போய், எப்படி இருக்கிறது என்று அவரிடமே கேளுங்கள். மாஸ்டர் கேட்ட கேள்விக்கு நான் பதில் சொன்னேன். சொல்ல வேண்டிய ஆள் நான் இல்லை.